காட்டுக்கு முதுகு காட்டிய கொம்பூதி

முன்னொரு காலத்திலே, மேகம் வந்து வாசற்படியில் உட்காரும் உயரத்திலே, வெண்கோட்டை என்றொரு மலைநாடு இருந்தது. அந்த நாட்டிலே கீரன் என்ற கொம்பூதிக்கு ஓர் அநீதி நடந்தது. அரண்மனைக்கு எத்தனை வாசல், அரசன் மீசை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பிறகு. அநீதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு அரண்மனையை வருணிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

நடந்தது இதுதான். ஊரைக் காக்கக் கொம்பு ஊதிய கீரனை, ஊரைக் கைவிட்டவன் என்றார்கள். அப்போது அவன் மூச்சு பறிபோயிருந்தது. உதடு குவிந்தபடியே உறைந்திருந்தது. கல்லாகிப் போனவனைச் சபைக்குத் தூக்கிவந்து உட்காரவைத்து, அரசன் மூன்று முறை கேட்டான்.

"காட்டுக்கு ஏன் முதுகு காட்டினாய்?"

மூன்று முறையும் பதில் வரவில்லை. "மௌனம் சம்மதம்," என்றான், அரசனுக்குப் பக்கத்தில் நின்ற அஞ்சனன் என்ற மந்திரவாதி. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. கழுத்தை நெரித்துக்கொண்டே 'ஏன் பாட்டு வரவில்லை' என்று கேட்பது எந்த ஊர் நியாயமோ எனக்குத் தெரியாது. வெண்கோட்டையில் அதுதான் நியாயமாக இருந்தது.

கீரனைக் கோட்டை வாசல் சதுக்கத்தில், சுவரைப் பார்த்தபடி உட்காரவைத்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவன் முதுகில் ஒரு பிடி சேறு எறிந்துவிட்டுப் போக வேண்டும். புறமுதுகு காட்டியவனுக்கு முதுகிலேயே தண்டனை. சேறு காய்ந்தது, அதன்மேல் சேறு விழுந்தது, அதுவும் காய்ந்தது.

சரி, அவன் எதற்கு முதுகு காட்டினான்? இதைச் சொல்லும்போது எனக்கே கழுத்து சில்லிடுகிறது.

கோட்டைக்கு எதிரே ஒரு காடு. அந்தக் காட்டிலிருந்து சில மாலைகளில் ஒரு பனிமூட்டம் புறப்பட்டு வரும். அதன் பெயர் மூச்சுண்ணி. அதற்கு முகம் கிடையாது, கால் கிடையாது. ஒரு சத்தம் மட்டும் உண்டு. யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். உள்ளே இழுக்கும், இழுக்கும், இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே விடவே விடாது. சூரியன் மலையைத் தொடும்போது வரும். முதல் நட்சத்திரம் தெரிந்தால் போய்விடும். அந்த இடைவெளியில் அகப்பட்டவர்களின் மூச்சை எடுத்துக்கொள்ளும். எடுக்கப்பட்டவர்கள் சாக மாட்டார்கள். மூக்கின் கீழே இறகை வைத்தால் இறகு அசைந்ததா இல்லையா என்று சண்டை போடலாம், அந்த அளவுக்கு இருப்பார்கள். நாற்பதாம் நாள் அதுவும் நின்றுவிடும்.

அதைத் தடுக்க ஒரு கொம்பு இருந்தது. பித்தளைக் கொம்பு. பாம்பு போல மூன்று சுற்றுச் சுற்றி, தாமரை இலை அகலத்துக்கு வாய் விரிந்த கொம்பு. எடுத்து உதட்டில் வைத்தால் அந்த வாய் ஊதுபவனின் இடுப்புக்குப் பின்னால் போய் நிற்கும். கோட்டையின் காவல் கோபுரத்தில் அதற்கு மூன்று அழைப்புகள் உண்டு: விடியல் அழைப்பு, மந்தை அழைப்பு, காவல் அழைப்பு. கோபுரச் சுவரில் கல்லில் வெட்டிய மூன்று சட்டங்களும் உண்டு. கொம்பூதி காட்டைப் பார்த்தே நிற்க வேண்டும், திரும்பினால் கோழை. கொம்பைக் கவிழ்க்கக் கூடாது. கவிழ்த்தால் அரசனின் முடியைக் கவிழ்த்தது போல. கொம்பின் வாய்க்குள் கை விடக் கூடாது. விட்டால் கொம்பின் குரல்வளையை நெரித்தது போல.

சட்டத்தை எழுதியவன் அஞ்சனன். மூன்று அரசர்களின் காலமாக அவன்தான் அரசவை மந்திரவாதி. மூன்று அரசர்கள் நரைத்தார்கள். அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. மருந்து சாப்பிடுகிறான் என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள்.

மூச்சுண்ணி வராத மாலைகளில், கொம்பு காத்தது என்றார்கள். வந்த மாலைகளில், ஊதியவன் சரியில்லை என்றார்கள். இந்தக் கணக்கில் கொம்பும் தோற்காது, சட்டமும் தோற்காது. தோற்பது எப்போதும் ஊதுகிறவன்தான். கீரனுக்கு முன்னால் இரண்டு பேர் இப்படித் தோற்று, நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். கீரன் மூன்றாவது ஆள். அவனோடு ஊரில் பன்னிரண்டு பேரின் மூச்சும் போயிருந்தது. அவர்களைச் சத்திரத்தில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள்.

கீரனுக்கு ஒரு தங்கை. பெயர் சேந்தி. கீரன் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, "வாயாடி" என்பான். அவன் பயிற்சி செய்யும்போது விளக்குப் பிடித்தவள் அவள். கொம்பைக் கோபுரத்தை விட்டு எடுத்துவரக் கூடாது என்பதால், கொம்பின் சின்ன ஊதுவாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவான். உதட்டை அதில் வைத்து வண்டு போல முரலுவான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு விளக்குச் சுடரைப் பார்த்து ஊதுவான். சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது, நிமிரவும் கூடாது. நூறு எண்ணும்வரை. விளக்குப் பிடித்துச் சலித்துப்போன சேந்தி, நானும் ஊதுகிறேன் என்று ஒரு நாள் உட்கார்ந்தாள். மூன்று ஊதலில் தலை சுற்றியது.

"தோளைத் தூக்காதே வாயாடி," என்றான் கீரன். "மூச்சு தோளில் தங்காது. வயிற்றை நிரப்பு, முதுகை நிரப்பு. முதுகு விரிகிறதா என்று சுவரில் சாய்ந்து பார்."

அவள் சுவரில் சாய்ந்து பார்த்தாள். ஒரு வருடம் பார்த்தாள். அண்ணன் நூறு எண்ணினால் அவள் நூற்றிருபது எண்ணினாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் தெருத்தெருவாகப் பறை அறைந்தார்கள். இன்று, நாளை, நாளை மறுநாள், மூன்று மாலையும் மூச்சுண்ணி வரும் என்று மந்திரவாதி கணித்திருக்கிறார். கொம்பு ஊத யார் வருகிறீர்கள்? ஒரு கதவும் திறக்கவில்லை. சேந்தி மட்டும் போய்ச் சபையில் நின்றாள். அரசன் மீசையைத் தடவினான். பெண்ணுக்கு மூன்று இமைப்புக்குக்கூட மூச்சு தாங்காது என்று யாரோ சிரித்தார்கள். அப்படியென்றால் உங்களில் யார் வருகிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். சிரித்தவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அஞ்சனன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பசித்தவன் இலையைப் பார்ப்பது போல இருந்தது. "விடுங்கள் அரசே," என்றான். "மூச்சு மூச்சுதான்."

முதல் மாலை.

கோபுரத்தில் அவளோடு ஒரு காவலன் நின்றான். உதியன் என்று பெயர். கொம்பு உன்னைவிடக் கனம், பார்த்துப் பிடி, விழுந்தால் இரண்டு பேரையும் நான்தான் சுமக்க வேண்டும் என்று கேலி செய்தான். குளிரில் அவள் நடுங்குவதைப் பார்த்து, கேட்காமலே தன் கம்பளியைப் போர்த்திவிட்டான்.

சூரியன் மலையைத் தொட்டது. காட்டுக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது. உள்ளே இழுக்கிற மூச்சு. மரங்களில் பறவைச் சத்தம் முதலில் நின்றது. பிறகு இலைச் சத்தம் நின்றது. வெள்ளையாக ஏதோ ஒன்று மரங்களுக்கிடையே நெளிந்து, பள்ளத்தில் இறங்கி, அகழியைத் தாண்டியது.

சேந்தி சட்டப்படி காட்டைப் பார்த்து நின்று காவல் அழைப்பை ஊதினாள். மூன்றடிப் பாட்டு அது. முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடியின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடத்தில் கொம்பில் சுரமே கிடையாது, ஊதினால் காற்றுத்தான் வரும். அங்கே எல்லாக் கொம்பூதிகளும் நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். அவளும் வாங்கினாள். பனி ஒரு முழம்கூடத் தயங்கவில்லை. சுவரேறி வந்தது. உதியன் அவளைப் பிடித்துக் கதவுக்குள் தள்ளினான். தள்ளிய கை அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் கல்லாகியிருந்தான். வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது, பனி போய்விட்டது.

அவள் கம்பளியைத் திரும்ப அவன்மேல் போர்த்தி, தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுவதை அந்தப் பக்கமாக அழு," என்றது ஒரு குரல். "எனக்குக் காதே போய்விட்டது."

கோபுரத்தின் பின்சுவரில் வாலில்லாத ஒரு பல்லி இருந்தது. மூன்று தலைமுறையாக அது அதே சுவரில்தான் இருக்கிறதாம். தினமும் கொம்பின் சத்தம் நேராகத் தன் தலையில்தான் விழுகிறது, வால் விழுந்து முளைத்து விழுந்து முளைத்துச் சலித்துவிட்டது, காட்டில் இருக்கும் பேய்க்கு ஊதுவதாகச் சொல்லிவிட்டு ஒரு பாவப்பட்ட பல்லிக்கு எதற்கு ஊதுகிறீர்கள் என்று அது அங்கலாய்த்தது.

சேந்தி அழுகையை நிறுத்தினாள். விளக்கை எடுத்து முன்னால் வைத்துக் கொம்பை ஊதினாள். சுடர் சும்மா நின்றது. விளக்கைப் பின்னால், கொம்பின் வாய்க்கு நேரே வைத்து ஊதினாள். சுடர் சாய்ந்தது.

அவள் மெல்லக் கீழே சதுக்கத்தைப் பார்த்தாள். சேறு அப்பிய ஒரு முதுகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணா," என்றாள். "நீ இதைக் கண்டுபிடித்துவிட்டாய்."

இரண்டாம் மாலை.

சேந்தி காட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சொல்வது சுலபம். நீங்கள் ஒருமுறை நின்று பாருங்கள். முன்னால் வருவதைக் கண்ணால் அளக்கலாம்; எவ்வளவு தூரம், ஓட நேரம் இருக்கிறதா என்று தெரியும். பின்னால் வருவதை அளக்க முதுகில் கண் இல்லை. கழுத்து மட்டும்தான் இருக்கிறது.

அன்று காவலுக்கு யாரும் வரவில்லை. அஞ்சனன் மட்டும் வந்திருந்தான், வேடிக்கை பார்ப்பவன் போல. அவள் திரும்பி நிற்பதைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போனது. கீழே நின்ற சிலர் "அண்ணன் புத்தி தங்கைக்கும்" என்றார்கள்.

அவள் ஊதினாள். முதல் அடி அகழிக்கு மேலே போய்க் காட்டில் விழுந்தது. பின்னால் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று தயங்கியது. மூன்று தலைமுறையில் முதல் முறையாகத் தயங்கியது. இரண்டாம் அடியைத் தொடங்கினாள். அப்போது கொம்பின் வயிற்றுக்குள் 'களக்' என்றது. 'களக் களக்' என்றது. சுரம் உடைந்தது.

அந்த மூச்சு பாய்ந்து வந்தது. அவள் பின்னல் நுனியில் தொடங்கி ஏதோ ஒன்று, குளிர்ந்த உதடு போல, ஒவ்வொரு முடிச்சாக மேலே ஏறியது. அவள் திரும்பவில்லை, ஓடவும் இல்லை. எதிரே நின்ற அஞ்சனனையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அதைக் கண்டாள். இரண்டாம் அடி உடைவதற்கு முன்னால் அவன் காதோரம் ஒரு முடி நரைத்திருந்தது. இப்போது பின்னல் மேல் குளிர் ஏற ஏற, அந்த நரை கறுத்தது.

நட்சத்திரம் தெரிந்தது. அவள் பின்னல் பாதிவரை பஞ்சாக வெளுத்திருந்தது. அஞ்சனன் படியிறங்கினான். நாளை நாற்பதாம் நாளாக இருக்கும் என்று மட்டும் போகிற போக்கில் சொன்னான்.

மறுநாள் காலையில் சேந்தி கொம்பைத் தரையில் வைத்து அதோடு வாதாடினாள். நீ நல்லவளா கெட்டவளா என்று கேட்டாள். பல்லிதான் பதில் சொன்னது. கொம்பை அஞ்சனன் செய்யவில்லையாம். அவனை அடக்க யாரோ வார்த்த கொம்பாம். அவன் மூன்று முறை உலையில் போட்டுப் பார்த்தான், உருகவில்லை. அதனால் மூன்று சட்டம் எழுதிக் கட்டிப்போட்டான்.

"மூன்றில் ஒன்றைத்தான் உன் அண்ணன் உடைத்தான்," என்றது பல்லி. "உனக்குக் கணக்குத் தெரியுமா?"

சேந்தி கொம்பைக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. சக்கரம் போல ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளே ஏதோ உருண்டது. இன்னொரு சுற்றுச் சுற்றினாள், வாய்வரை வந்தது. மூன்றாம் சுற்றில் கொட்டியது. கறுத்த, நாறுகிற நீர், ஒரு குடம் இருக்கும். ஊதியவர்களின் மூச்செல்லாம் குளிர்ந்து தண்ணீராகி, மூன்று தலைமுறையாக அதற்குள்ளேயே தேங்கியிருந்தது. அரசனின் மரியாதை கவிழ்ந்துவிடும் என்று ஒருவரும் அதைக் கொட்டவில்லை. கீரனின் சுரம் உடைந்தது பயத்தால் அல்ல, இந்தச் சாக்கடையால்.

பல்லி நாற்றம் தாங்காமல் ஓடி, புத்தி கெட்டுக் கொம்பின் வாய்க்குள்ளேயே போய்ப் புகுந்துகொண்டது. அதை எடுக்கச் சேந்தி வலது கையை உள்ளே விட்டாள். கை உள்ளே இருக்கும்போதே, வெளியே வா என்று பயமுறுத்த ஒரு சின்ன ஊதல் ஊதினாள். அவள் ஊதிய சுரம் அரைப்படி கீழே இறங்கி வேறொரு சுரமாக வந்தது. கொம்பில் இல்லாத சுரம். விரலைக் குவித்தாள், இன்னும் இறங்கியது. விரித்தாள், ஏறியது. மூன்றாம் அடியின் நடுவே எல்லாரும் மூச்சு வாங்கிய அந்த ஓட்டை, அவள் உள்ளங்கையால் அடைபட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, மூச்சுண்ணி எந்த வழியாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தது என்று.

மூன்றாம் மாலை.

சூரியன் மலையைத் தொட்டது. சேந்தி ஊரைப் பார்த்து நின்றாள். காட்டுக்கு முதுகு. தோளை இறக்கினாள், வயிற்றை நிரப்பினாள், முதுகை நிரப்பினாள். வலது கை கொம்பின் வாய்க்குள். கீழே சதுக்கத்தில் அண்ணனின் முதுகு தெரிந்தது. அதைச் சுடராக நினைத்துக்கொண்டாள். சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது, நிமிரவும் கூடாது.

முதல் அடியை ஊதினாள். பின்னால் அந்த மூச்சு நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒரு குழந்தை அழுதது. சுவரிலிருந்து விழப்போகிற குழந்தை போல அழுதது. அவள் கண் கலங்கியது. ஆனால் வெண்கோட்டையில் எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குள் கதவடைத்து இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை.

இரண்டாம் அடி. பின்னாலிருந்து அரசனின் குரல் வந்தது. நிறுத்து, இது ஆணை என்றது. அரசன் இந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை.

எதிரே படியில் அஞ்சனன் ஏறி வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு கற்றை நரைத்தது. வந்து அவள் முன்னே நின்று, உதட்டை அசைக்காமல் ஏதோ முணுமுணுத்தான். அவள் தோளுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகே, மூன்றாம் குரல் பேசியது. கீரனின் குரல்.

"சேந்தி, நான்தான். எனக்கு மூச்சு வந்துவிட்டது. திரும்பிப் பார், சேந்தி."

சுரம் நடுங்கியது. கழுத்தில் அந்தக் குளிர்ந்த உதடு பட்டது. நாற்பது நாளாக அந்தக் குரலுக்கு ஏங்கியவள் அவள்.

ஆனால் எங்கள் சேந்தி வாதாடத் தெரிந்தவள். அவள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்: என் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

மூன்றாம் அடியை ஊதினாள். இடைவெளி வந்தது. மூச்சு வாங்கவில்லை. உள்ளங்கையைக் குவித்தாள். மூன்று தலைமுறையாக ஊதப்படாத அந்தச் சுரம், புகை போல, ரகசியம் போல எழுந்து, காட்டின் கடைசி மரம்வரை போனது. நூறு எண்ணினாள். நூற்றிருபது எண்ணினாள். கண் இருண்டது. நூற்றிருபத்தொன்று.

பின்னால் மூச்சுண்ணி மூச்சை வெளியே விட்டது.

அவ்வளவு பெரிய காற்றை அந்த மலை அதற்கு முன் கண்டதில்லை. கம்பளி பறந்தது, கதவுகள் திறந்துகொண்டன. உதியன் இருமிக்கொண்டே, யார் என்னைத் தள்ளியது என்று கேட்டான். சத்திரத்தில் பன்னிரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். அஞ்சனனுக்கு அத்தனை வருடங்களும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன. தலை வெளுத்தது, முதுகு வளைந்தது, உடல் காய்ந்த இலவம் நெற்று போல வெடித்தது. பஞ்சாகக் காற்றோடு போனான்.

சேந்தி இதெல்லாம் பார்க்கவில்லை. அவள் சதுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு அப்பிய அந்த முதுகில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் நீண்டது, கிளை விட்டது. தோள் உயரவில்லை, முதுகு மட்டும் மெல்ல மெல்ல விரிந்தது. காய்ந்த சேறு ஓடு ஓடாக உடைந்து விழுந்தது.

மறுநாள் அரசன் சேந்தியை அழைத்து, பாதி நாட்டைத் தருகிறேன் என்றான். வேறு மாதிரிக் கதையாக இருந்தால் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். பாதி நாட்டை வைத்து நான் என்ன செய்வது, அதற்குப் பதில் மூன்று வேலை செய்யுங்கள் என்றாள். சட்டக்கல்லை இறக்கிக் கோபுரத்துக்குப் படியாகப் போட வேண்டும். அண்ணனின் முதுகில் மிச்சமிருக்கும் சேற்றை அரசன் தன் கையால் கழுவ வேண்டும். மூன்றாவதாக, அன்று கேட்ட அதே கேள்வியை, அதே சபையில், அதே ஆட்களுக்கு முன்னால் திரும்பக் கேட்க வேண்டும். இம்முறை பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கல் இறங்கியது. சேறு கழுவியாயிற்று; தண்ணீர் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு சபை கூடியது. சேறு எறிந்த கைகள் எல்லாம் மடிக்குள் ஒளிந்திருந்தன. தூணுக்குப் பின்னால் போனவரும் வந்திருந்தார். அரசன் கனைத்துக்கொண்டு கேட்டான்.

"கீரா, காட்டுக்கு ஏன் முதுகு காட்டினாய்?"

நாற்பது நாள் பேசாத நாக்கு. கீரன் வாயைத் திறந்தான்; குரல் வரவில்லை. அரசன் மந்திரவாதி நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. காத்திருந்தான். சபை காத்திருந்தது. கீரன் தங்கையைப் பார்த்தான். தோளை இறக்கினான், வயிற்றை நிரப்பினான், முதுகை நிரப்பினான்.

"கொம்பின் வாய் பின்னால் இருக்கிறது, அரசே," என்றான். "பயந்தவன் அந்தப் பக்கம் முதுகைக் கொடுக்க மாட்டான்."